முகம் பார்த்துத் தின்ற ரொட்டி

அந்தக் காலத்தில் ஓநாய் பேசும், மனிதனும் காதுகொடுத்துக் கேட்பான். இப்போது மனிதன் பேசுவதையே மனிதன் கேட்பதில்லை, அது வேறு கதை.

மேற்கே ஒரு பனிமலை நாட்டில் காசியன் என்று ஓர் உப்பு வியாபாரி இருந்தான். அந்த நாட்டு வழக்கப்படி, பயணத்தில் அவரவர் ரொட்டியை முதுகைத் திருப்பிக்கொண்டுதான் தின்ன வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று தெரிந்தால் அடுத்தவன் கண் வைத்துவிடுவானாம். அதனால் ஒரே வழியில் நடந்தாலும் யாருக்கும் யாரும் துணையில்லை. துணை என்பதற்கு அவர்கள் மொழியில் ஒரு சொல்லும் இல்லை.

காசியன் வீடு திரும்பும்போது கணவாயில் ஒரு பெண் ஓநாய் எதிர்ப்பட்டது.

"எங்க கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. பனியில வழி தெரியல. நீ வழி காட்டு, கரடி வந்தா நான் பாத்துக்கறேன்."

ஒப்புக்கொண்டான். மாட்டேன் என்று ஓநாயிடம் சொல்லவா முடியும்?

பனிப்புயல் இருவரையும் ஒரு குகைக்குள் அடைத்தது. கடைசி ரொட்டியை எடுத்துக்கொண்டு காசியன் வழக்கம்போல முதுகைத் திருப்பி உட்கார்ந்தான். பிடரியில் சூடான மூச்சு பட்டது.

"என்ன பாக்கற?"

"உன் கழுத்தை. உன்னைத் தின்னக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன். வயிறு கேக்க மாட்டேங்குது."

அது உண்மையைச் சொன்னதுதான் அவனை உலுக்கியது. ரொட்டி பாதியானால் மலையிறங்கத் தெம்பிருக்குமோ என்னவோ. ஆனாலும் ஓநாயின் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். அதன் முகத்தைப் பார்த்தபடி ரொட்டியைப் பிட்டு ஒரு பாதியை நீட்டினான்.

"கல்லு மாதிரி இருக்கு," என்றது ஓநாய்.

"என் பெண்டாட்டி சுட்டது."

"அப்ப நல்லாத்தான் இருக்கு."

காசியன் சிரித்துவிட்டான்.

புயல் ஓய்ந்ததும் தள்ளாடியபடி இறங்கினார்கள். அடிவாரத்தில் ஓநாய்க் கூட்டம் காத்திருந்தது.

"நல்ல இரை கொண்டாந்திருக்க. தள்ளி நில்லு," என்றது தலைவன்.

பெண் ஓநாய் காசியனுக்கு முன்னால் வந்து நின்றது.

"அவன் உனக்கு யாரு? சொந்தமா? எஜமானா?"

அது யோசித்தது. "ரெண்டும் இல்ல. சேர்ந்து ரொட்டி தின்னோம்."

"அப்ப அவன்கூடவே போ. இனிமே நீ எங்க கூட்டம் இல்ல."

கூட்டம் திரும்பிப் பார்க்காமல் போயிற்று. அது மறையும்வரை பெண் ஓநாய் அங்கேயே நின்றது. காசியன் அதன் பக்கத்தில் போய் நின்றான்.

"வா, வீட்டுல ரொட்டி இருக்கு."

"அதே ரொட்டியா?" என்று கேட்டுவிட்டு, அவன் பின்னால் நடந்தது.

அன்று முதல்தான் அந்த நாட்டார் துணையாக வருகிறவரை 'சேர்ந்து ரொட்டி தின்றவர்' என்று தங்கள் மொழியில் அழைத்தார்கள். அந்தச் சொல்தான் வாய்க்கு வாய் மாறி ஆங்கிலத்தில் 'கம்பானியன்' ஆயிற்று. அந்த ஓநாயின் வம்சம் நாயாகி நம் வீட்டுக்கு வந்தது. நாம் சாப்பிட உட்கார்ந்தால், இன்றும் அது நம் முகத்தைத்தான் பார்க்கிறது.