ராணித்தலையின் வீட்டுக்காரர்

இந்தப் புதிரை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். அதோடு இந்தத் தகராறில் நானும் ஒரு கட்சி. என் பக்கம் சாய்த்துச் சொன்னால் புதிர் கெட்டுப்போகும். அதனால் நடந்ததை நடந்தபடியே வைக்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

குன்னூரில் நான் டீக்கடை நடத்தும் கட்டடம், விக்டோரியா ராணி காலத்தில் வெள்ளைக்காரர்கள் குடித்துப் பேசிக்கொண்டிருக்கக் கட்டிய மதுக்கடை. வாசலில் ராணியின் தலை வரைந்த படம் தொங்கியதாம். ஊர்க்காரர்கள் ராணித்தலை என்றார்கள், பேர் அப்படியே நின்றுவிட்டது. கட்டியவர் கார்வி என்ற பட்டாளத்துக்காரர். பத்து வருடம் நடத்திவிட்டுக் கட்டடத்தை மட்டும், இப்போதைய சொந்தக்காரர் நஞ்சன் சாருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு விற்றார். கடையை விடவில்லை. அதே கட்டடத்தில் வாடகைக்கு இருந்து, சாகும்வரை அவரே ஊற்றிக் கொடுத்தார். இங்கிலீஷில் எழுதிய அந்த விற்பனைப் பத்திரத்தில் அவர் கேட்டுச் சேர்த்த வரி ஒன்று உண்டு: "மாடி அறைகள் இரண்டும் என்றைக்கும் லேண்ட்லார்டு குடியிருக்க."

அவருக்குப் பிறகு கடையை நடத்தியவர்கள் எல்லோரும் மாடியில்தான் இருந்தார்கள். உரிமம் வாங்கியவர் பெயரை வாசல் நிலைக்கு மேல் எழுதிவைப்பது அந்தக் காலத்து வழக்கம். கடைசியாக எழுதிய பெயர் ஜேம்ஸ் தேவசகாயம். மதுவிலக்கு வந்ததும் அவர் பீப்பாய்களை வெளியே உருட்டிவிட்டு, டீயும் வர்க்கி பிஸ்கட்டும் விற்க ஆரம்பித்தார். மாடியை விட்டு இறங்கு என்று அவரை யாரும் சொல்லவில்லை. அவருக்குப் பின் மகள் ரோசலின் அக்கா. அக்காவுக்கு முடியாமல் போனபோது கடையை என் கையில் ஒப்படைத்தார். அது நடந்து இருபது வருடம் ஆகிறது. அக்கா மாடியில் இருந்தார், நான் பின்பக்கம் சாமான் அறையில். சுவரில் ஈரம் கசியும். எனக்கோ வீசிங். போன தை மாதம் அக்கா போய்விட்டார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, நஞ்சன் சார் பத்திரத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்போடு கடைக்கு வந்தார். லேண்ட்லார்டு என்ற இடத்தில் அதில் ‘வீட்டுக்காரர்’ என்று எழுதியிருந்தது.

"வீட்டுக்காரர்னா ஓனர். ஓனர் நான். மாடியில ஹோம்ஸ்டே போடறேன். சமையலுக்கு உங்க சாமான் ரூமும் வேணும். சித்திரைக்குள்ள காலி பண்ணிடுங்க மாராத்தாக்கா."

"வீட்டுக்காரர்னா எனக்குத் தெரிஞ்சது என் புருஷன்தான் சார். அவர் போய் ஏழு வருஷமாச்சு. எழுப்பிக் கூட்டிட்டு வரட்டுமா?"

சார் சிரிக்கவில்லை. பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த வில்லியம் சிரித்தான். ரோசலின் அக்காவின் தம்பி மகன். கோயம்புத்தூரிலிருந்து அவனும் மாடிக்காகத்தான் வந்திருந்தான்.

"சார், கொஞ்சம் அண்ணாந்து பாருங்க. நிலைக்கு மேல எங்க தாத்தா பேரு. பேரு யாரோடதோ அவங்கதான் லேண்ட்லார்டு. தாத்தாவுக்கு அப்புறம் நான்."

"தம்பி, ஒரு நாளாவது இங்க ஒரு டம்ளர் கழுவியிருப்பியா?" என்றேன்.

"அது உங்க வேலை, அக்கா."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதை இறக்கிக்கொண்டே கத்தினேன்: "கடையைத் திறக்கிறது நான், மூடுறது நான். அப்ப மாடியும் எனக்குத்தான்!"

"டீக்கடைக்கெல்லாம் ஏது அக்கா லேண்ட்லார்டு?" என்றார் நஞ்சன் சார்.

இதைப் படிக்கிறவர்களே, ஒருவரிடம் கட்டடம், ஒருவனிடம் பெயர், ஒருத்தியிடம் கடை. கார்வி எழுதிய லேண்ட்லார்டு எங்கள் மூவரில் யார்? கீழே பார்க்காமல் சொல்லுங்கள்.

விடை: கட்டடம் யாருடையதானாலும், மதுக்கடையை நடத்துகிறவரைத்தான் இங்கிலீஷ்காரர்கள் லேண்ட்லார்டு என்று கூப்பிடுவார்களாம். அது தெரியாவிட்டாலும் பத்திரமே போதும். கட்டடத்தை வாங்குகிறவர் தன் மாடியில் தான் குடியிருக்க ஒரு வரி எதற்கு? விற்றவர்தான் தனக்காகவும், தனக்குப் பின் கடையில் நிற்பவருக்காகவும் கேட்டு வாங்கியிருக்கிறார். நிலைக்கு மேல் இருக்கும் பெயர் உரிமத்துக்காக எழுதியது, பேரனுக்கு அது சொத்தாகாது. டீக்கடையானாலும் மாடி உண்டு என்பதற்குத் தேவசகாயமே சாட்சி. ஆகவே நான்தான்.

விடை சரியாக இருந்து என்ன பிரயோசனம்? நான் போய்க் கேட்ட பத்திர எழுத்தரும் இதையேதான் சொன்னார். "ஆனா கோர்ட்டுக்குப் போனா உங்க பேத்தி காலத்துலதான் தீர்ப்பு வரும்" என்றும் சொன்னார். என் மூச்சு அதுவரை தாங்குமா? மறுநாள் காலையே கட்டிலை மாடிக்கு ஏற்றினேன். பிறகு தாலுகா ஆபீசுக்கு ஆறு தடவை நடந்து, வரிசையில் நின்று, ரேஷன் கார்டில் விலாசத்தை ‘மேல் மாடி’ என்று மாற்றி வாங்கிவிட்டேன். என்னை இறக்க வேண்டுமென்றால் நஞ்சன் சாரும் முதலில் அந்த வரிசையில் போய் நிற்கட்டும்.