பதினாறு ஜிபியை நாலுக்கு முடித்த மாசானமுத்து

தெற்குச் சீமையில் கோணங்குளம் என்று ஒரு ஊர். அங்கே எல்லாச் சாமானும் கிடைக்கும். கொஞ்சம் புத்தி வேண்டுமென்றால் மட்டும் பஸ் ஏறிப் போகணும். அப்படி ஏறினவர்களும் பாதி வழியில் வேறு ஊரில் இறங்கிவிட்டார்கள்.

அந்த ஊரில் மாசானமுத்து அண்ணாச்சி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி வைத்திருந்தார். அதற்கு முன்னால் இருபது வருஷம் மாட்டுத் தரகு. படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சத்தைச் சந்தை சொல்லிக் கொடுத்தது, அதுவும் முதுகில் அடித்து. பதினெட்டு வயசில் ஒருத்தன் "எட்டு லிட்டர் கறக்கும்" என்று சத்தியம் பண்ணினதை நம்பி ஒரு மாட்டை ஓட்டி வந்தார். தொழுவத்தில் கட்டி, சொம்போடு குனிந்து பார்த்தால், அது காளை.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தார். எதிராளி வாயிலிருந்து வரும் முதல் எண் பொய். எந்த எண்ணாக இருந்தாலும் சரி, அடித்துப் பேசிக் குறைத்துவிட்டுத்தான் அடுத்த மூச்சு.

போன வருஷம் சந்தையில் கொம்பையா என்கிற தரகனோடு சண்டை. "இனிமே இந்தப் பக்கம் என் நிழலே விழாதுடா!" என்று துண்டை உதறிவிட்டு வந்தவர்தான், கம்பெனி போர்டு மாட்டினார். ஒரு வருஷமாகப் போர்டு மட்டும் வேலை செய்தது.

அப்போதுதான் பெங்களூரிலிருந்து வசுந்தரா மேடம் என்பவர் கடிதம் போட்டார். 'உங்கள் ஆட்களுக்குத் தகுந்த லேப்டாப் வாங்குங்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு வீடியோவில் பார்ப்பேன். திருப்தி என்றால் எங்கள் கம்பெனி வேலையை உங்களுக்கு ஒரு வருஷ ஒப்பந்தத்தில் தருவேன்.' திருப்தி இல்லை என்றால்? அண்ணாச்சி திரும்பச் சந்தைக்குப் போய்க் கொம்பையா இளிக்கிற பல்லைப் பார்க்கணும். நினைத்தாலே அவருக்குக் காது மடல் சிவந்தது.

கம்பெனியில் மூன்று பேர். இசக்கிராஜ், திரவியம், செல்லக்கனி. மூன்று பேரும் இன்ஜினியர்கள். கேட்டால் சான்றிதழைக் காட்டுவார்கள், கேட்காவிட்டாலும் காட்டுவார்கள்.

செல்லக்கனி கடிதத்தை வாசித்தாள். "பதினாறு ஜிபி நினைவகம். பத்து மணி நேரம் தாங்கும் பேட்டரி. எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் போகக்கூடாது. எங்கே வைத்தாலும் வேலை செய்யணும்."

"எடை எதுக்குவே குறையணும்?" என்று கேட்டான் திரவியம்.

இசக்கிராஜ் கண்ணை மூடி யோசித்தான். "கறிக்கடையில நீ ஒண்ணரைக் கிலோ கேக்கே. அவன் ஒண்ணேகால் நிறுத்துக் குடுக்கான். சும்மா விடுவியா?"

"கடையத் தூக்கிருவேன்."

"அப்ப லேப்டாப்புக்கு மட்டும் என்ன தனி நியாயம்?"

மூவரும் அண்ணாச்சியைப் பார்த்தார்கள். அண்ணாச்சி மீசையைத் தடவினார். "அந்தம்மா தொழிலுக்குப் புதுசு போல. எடையக் கூட்டிக் கேப்போம். மத்தத எல்லாம் நான் குறைச்சுப் பேசிக்கிடுதேன். கிளம்புங்கலே!"

டவுனில் பெரிய கடை. உள்ளே பனி மாதிரிக் குளிர். டை கட்டிய விற்பனையாளர் ஜெபராஜ் சிரித்துக்கொண்டே வந்தார். அண்ணாச்சி அவர் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டு மூடினார். சந்தையில் அப்படித்தான், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேரம். இது தெரியாத ஜெபராஜ் வெட்கத்தில் நெளிந்தார்.

"சார், எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு."

"சந்தோஷம். சரக்கக் காட்டு."

ஜெபராஜ் ஒரு லேப்டாப்பைக் காட்டினார். "இது பதினாறு ஜிபி சார்."

"பதினாறா?" அண்ணாச்சி குரலில் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. "என்னப் பாத்தா எப்படித் தெரியுது? ரெண்டு!"

"சார், ரெண்டுல எதுவும் வராது…"

"மூணு. அதுக்கு மேல ஒரு ஜிபி கிடையாது."

"எட்டு இருக்கு சார்."

"லேய் இசக்கி, வண்டிய எடு!"

அண்ணாச்சி வாசல்வரை போனார். பின்னாலேயே ஓடிவந்தார் ஜெபராஜ். "சார், சார், குடோன்ல நாலு ஜிபி கிடக்கு. ஏழு வருஷமா யாரும் கேக்கல."

"பாத்தியாலே!" என்று அண்ணாச்சி வெற்றியோடு திரும்பினார். "ஒளிச்சு வச்சிருக்கான்!"

குடோனிலிருந்து நாலு லேப்டாப் வந்தன. தூசி தட்டியதில் கடையே தும்மியது. எடை மூணரைக் கிலோ. மூவரும் கை தட்டினார்கள். பேட்டரி பத்து மணி நேரமா என்று செல்லக்கனி கேட்க, ரெண்டு மணி நேரம்தான் வரும் என்று ஜெபராஜ் தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணரை!" என்றார் அண்ணாச்சி.

"உண்மையச் சொன்னா ஒண்ணரைதான் சார்."

"அந்த அரை மணி நேரத்த எவன் தலையில கட்டப் பாத்தே?"

எங்கே வைத்தாலும் வேலை செய்யணுமே? இசக்கிராஜ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்ச் சோதித்தான். மாடிப்படியில் வேலை செய்தது. லிஃப்டில் செய்தது. கழிவறையில் வைத்தபோது வெளியே ஏழு பேர் வரிசை கட்டிக் கதவைத் தட்டினார்கள். கடைசியாக ஃப்ரிட்ஜ் விற்கும் பகுதியில் ஒரு ஃப்ரிட்ஜுக்குள் வைத்து மூடினான். திறந்து பார்த்து, "உள்ளயும் ஓடுது அண்ணாச்சி! ஆனா நம்மாளு ஒருத்தரு உள்ள உக்காந்து பாக்கணும்" என்றான். திரவியம் சட்டையைக் கழற்ற ஆரம்பித்தான். கடை வாட்ச்மேன் குறுக்கே விழுந்து தடுத்தார்.

பில் போடும் நேரம். ஜெபராஜுக்கே மனசு கேட்கவில்லை. "பழைய சரக்கு சார். பத்து சதவீதம் தள்ளுபடி தாறேன்."

அண்ணாச்சி மேஜையில் ஓங்கி அறைந்தார். "பத்தா? பகல் கொள்ளையா இருக்கே! ஒண்ணு!"

"சார், தள்ளுபடிங்கிறது…"

"பேசாதே! ரெண்டு. எடுத்தா எடு, இல்லன்னா விடு."

ஜெபராஜ் இஷ்டமில்லாமல் ஒத்துக்கொள்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வேகமாகப் பில் அடித்தார்.

திங்கட்கிழமை பத்து மணி. திரையில் வசுந்தரா மேடம். நாலு பேரும் ஆளுக்கொரு லேப்டாப்பைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நினைவகம் எவ்வளவு?" என்று கேட்டார் மேடம்.

"பதினாறுன்னான். நாலுக்கு முடிச்சேன்!"

"பேட்டரி?"

"பத்துன்னு நீங்க ஏமாந்திருப்பீங்க. ஒண்ணரை!"

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எடை?"

"மூணரைக் கிலோ. ஒரு கிராம் குறையல, மாட்டுத்தீவனக் கடையில நிறுத்துப் பாத்தாச்சு" என்றாள் செல்லக்கனி.

"உங்களுக்குப் பன்னெண்டு மாச ஒப்பந்தம் தர்றதா இருந்தேன்…" என்று மேடம் ஆரம்பித்தார்.

எண் காதில் விழுந்துவிட்டதே! அண்ணாச்சி என்ன செய்வார், பாவம். "பன்னெண்டா? எட்டு!"

"எட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பூஜ்யம்!"

அண்ணாச்சிக்கு வேர்த்துவிட்டது. இருபது வருஷச் சந்தையில் இப்படி ஒரே அடியில் தரைக்கு இறங்கின ஆளைப் பார்த்ததில்லை. இங்கே தோற்றால் கொம்பையாவிடம் போய் நிற்கணும். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"பூஜ்யம் எனக்குக் கட்டாது. மைனஸ் ஆறு!"

திரவியம் விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "அண்ணாச்சி, மைனஸ் ஆறுன்னா ஆறு மாசத்துக்கு நாமதான் அவங்களுக்கு வேலை குடுக்கணும்."

"குடுத்துட்டாப் போச்சு! நம்மள என்ன வக்கத்தவன்னு நெனச்சாளா?"

திரையில் மேடம் யாரிடமோ கன்னடத்தில் ஏதோ கேட்டார். அந்த ஆள் வேறு யாரிடமோ கேட்டார். கடைசியில் மேடம் தொண்டையைச் செருமி, "எத்தனை பேரை அனுப்பட்டும்? பத்துப் பேர் இருக்கோம்" என்றார்.

"ஆறு!"

"சரி."

கம்பெனியில் ஒரே ஆரவாரம். பெங்களூரே கோணங்குளத்துக்கு வேலைக்கு வருகிறதென்றால் சும்மாவா! கொம்பையா வீட்டுப் பக்கமாகப் பார்த்து இசக்கிராஜ் விசில் அடித்தான். அப்புறம்தான் செல்லக்கனிக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"ஆறு பேரும் எங்க அண்ணாச்சி உக்காருவாங்க?"

அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் கழித்து, தட்டு வண்டியில் ஆறு நாற்காலி வந்து இறங்கியது. ஒன்றாவது நிற்கணுமே! எல்லாம் சுவரில் சாய்ந்து கிடந்தன.

"நாலு நாலு காலுன்னுதான் ஆரம்பிச்சான்" என்று முகத்து வேர்வையைத் துடைத்தார் அண்ணாச்சி. "விடுவேனா? மூணுக்கு முடிச்சுட்டேன்."