கொசுவுக்கு அஞ்சிய பனிமான்

ஒரு காட்டில் என்றுதான் எல்லாக் கதையும் தொடங்கும், குழந்தைகளே. ஆனால் இந்தக் கதை நடந்த இடத்தில் தேடினாலும் ஒரு மரம் கிடைக்காது. அது உலகின் வடகோடியில் உள்ள பனிவெளி. அங்கே மண்ணுக்கு அடியில் எப்போதும் பனி உறைந்தே கிடக்கும். வேர்கள் ஆழமாக இறங்க வழியில்லை. செடிகள் உங்கள் முழங்காலைக்கூடத் தாண்டாது.

அந்த வெளியில் செம்பி என்ற பனிமான் தன் கன்றோடும் கூட்டத்தோடும் வாழ்ந்தது. கூட்டத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அருகில் ஒரு மேடு முழுக்க, மண்மேல் குட்டிப் புதர்போல் வளரும் வெண்பாசி படர்ந்திருந்தது. கோடையில் அந்தப் பாசியில் யாரும் வாய் வைக்கக் கூடாது. குளிர்காலத்தில் பனியைத் தோண்டித் தின்ன, அதைவிட்டால் அவற்றுக்கு வேறு உணவு கிடையாது.

ஒரு கோடையில் கொசுக்கள் மேகம் மேகமாகக் கிளம்பின. கன்றின் கண்ணிலும் மூக்கிலும் அப்பிக்கொண்டன. கன்று பால் குடிக்கக்கூட நிற்காமல் ஓடி ஓடி இளைத்தது. செம்பிக்குப் பெற்ற வயிறு பற்றி எரிந்தது.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த சாம்பல் நிற நரி ஒன்று அருகே வந்தது.

"தங்கையே, ஏன் இந்தப் பாடு? அந்த மேட்டில் காற்று பிய்த்துக்கொண்டு போகிறது. கொசு எட்டிக்கூடப் பார்க்காது."

"ஐயோ அண்ணா, அந்தப் பாசியை இப்போது தின்னக் கூடாதே!"

"தின்னச் சொன்னேனா? சும்மா நில். நிற்பதற்குமா தடை?"

நிற்பதுதானே, என்று செம்பியும் நினைத்தது. கன்றை அழைத்துக்கொண்டு மேட்டில் ஏறியது.

பாசிக்குள்ளிருந்து பனியெலி ஒன்று தலையை நீட்டியது. "அக்கா, இறங்கிவிடு! வெயிலில் காய்ந்த பாசி அப்பளம் மாதிரி நொறுங்கும். மறுபடி விரல் உயரம் வளர இருபது வருஷம் ஆகும்!"

"இவ்வளவு பெரிய மேடு. என் குட்டி ஒன்று நின்றால் குறைந்தா போய்விடும்?" என்று செம்பி சிடுசிடுத்தது.

அன்று கன்று வயிறு நிறையப் பால் குடித்துத் தூங்கியது. அதைக் கண்ட மற்ற மான்களும் ஒவ்வொன்றாக மேலே ஏறின. கோடை முடிவதற்குள் பாசியெல்லாம் உமியாக உதிர்ந்து காற்றோடு போயிற்று. ஒளிய இடமில்லாமல் ஓடிய பனியெலிகளை நரி பிடித்துப் பிடித்துத் தின்றது. செம்பியை எச்சரித்த எலியும் தப்பவில்லை.

குளிர்காலம் வந்தது. கூட்டம் மேட்டில் பனியைத் தோண்டிப் பார்த்தது. வெறும் மண்தான் இருந்தது.

"முதலில் ஏறியது யார்?" என்று ஒரு மான் கேட்டது. எல்லாம் செம்பியைப் பார்த்தன. பிறகு வேறு மேடு தேடிப் புறப்பட்டுவிட்டன.

நடக்கத் தெம்பில்லாமல் கன்று படுத்துவிட்டது. செம்பி குளம்பில் ரத்தம் வரும்வரை குழிமேல் குழியாகத் தோண்டியது. ஒரு வாய்ப் பாசி கிடைக்கவில்லை.

சற்றுத் தள்ளி அந்த நரி வந்து உட்கார்ந்தது. குளிர்காலம் ஆயிற்றே, அதன் உடம்பு இப்போது வெள்ளை வெளேரென்று மாறியிருந்தது.

"என் குட்டிக்கு நல்லது என்றுதானே சொன்னாய்!" என்று செம்பி கதறியது.

"பொய்யா சொன்னேன், தங்கையே? இப்போதும் பார், ஒரு கொசு இல்லை" என்றது நரி.

கன்று அதன் பிறகு எழுந்திருக்கவில்லை. நரி நகரவும் இல்லை. கூட்டம் போன திசையில் செம்பி தனியாக நடந்தது.

நீதி: இன்றைய தொல்லைக்கு அஞ்சி நாளைய சோற்றை மிதிக்காதே.