முதல் சுற்றுப் பரிவட்டம்

பொறாமைப்படுகிறவன் உடம்பு உருப்படாது என்று ஒரு நம்பிக்கை நாடெங்கும் நிலவுகிறது. இது தவறு. இத்தனை தலைமுறையாக இதை ஒருவரும் திருத்தாமல் விட்டது அதைவிடப் பெரிய தவறு. கதை கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் இது பதிவாக வேண்டும்: பொறாமையால் உடம்பு தேறியவர் ஒருவர் இருந்திருக்கிறார். அவர் சாமானியரும் அல்ல, ராஜா.

வெகுகாலத்துக்கு முன்பு வெண்கடம்ப நாட்டை ஆண்டுவந்த உத்தண்டராயர்தான் அவர். ஆண்டார் என்பதைவிட அமர்ந்திருந்தார் என்பதே சரியான வினைச்சொல்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். சித்திரைத் திருவிழாவன்று ராஜா தம் காலாலேயே மலையேறி உச்சியில் கொடியேற்ற வேண்டும். அந்த வருடம் உத்தண்டராயர் பாதி மலையில் இருந்த மண்டபத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழவில்லை. கொடியைப் பூசாரி ஏற்றினார்.

மறுநாள் சபை கூடியது. "மலை வளர்ந்துவிட்டது," என்றார் ராஜா.

"நானும் கவனித்தேன் மகாராஜா. போன வருடம் நல்ல மழை," என்றார் தளவாய் வீரசிகாமணி. மந்திரி திருமலைக்கொழுந்தின் விரலில் கிடந்த முத்திரை மோதிரத்தின்மேல் இந்தத் தளவாய்க்கு நெடுநாளாக ஒரு கண்.

அரண்மனை வைத்தியர் மட்டும் மென்று விழுங்கி, "மலை அப்படியேதான் இருக்கிறது மகாராஜா. இதே உடம்போடு இன்னொரு முறை ஏறினால் நெஞ்சு தாங்காது. பத்தியம் இருந்து தினமும் நடந்தால்தான் உயிர் நிலைக்கும்," என்றார்.

ராஜாவுக்குப் பத்தியம் தெரியாதா? எத்தனையோ முறை இருந்திருக்கிறார். சில நாள் கஞ்சி குடிப்பார். பிறகு பத்தியம் முறிக்கிறேன் என்று ஊரைக் கூட்டி விருந்து வைப்பார். இளைத்த உடம்பு விருந்தில் வட்டியோடு திரும்பி வரும்.

"மந்திரியாரே, அடுத்த சித்திரைக்கு நான் உச்சியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உம்முடைய மோதிரம் தளவாய்க்கு!"

தளவாய் அப்போதே தம் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

மந்திரி யோசித்தார். இந்த ராஜா பசி பொறுக்கமாட்டார். ஆனால் அடுத்தவருக்கு நடக்கும் மரியாதையை அதைவிடப் பொறுக்கமாட்டார். பக்கத்து நாட்டு ராஜாவுக்கு முதலில் திருநீறு கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு கோயிலுக்குப் போவதையே விட்டவர்.

"மகாராஜா, அதற்கு முன் எனக்கு ஒரு வரம் வேண்டும். கீழைவாசல் அம்மனுக்கு வழக்கொழிந்துபோன ஒரு மரியாதை உண்டு. பொழுது சாய்வதற்குள் கம்பங்கூழ் குடித்து அதோடு வாயைக் கட்டி, விடிந்ததும் கோட்டையைக் கால்நடையாக முதலில் சுற்றி வருகிறவர் யாரோ, அவர் தலையில் அம்மனின் பரிவட்டம். அன்று முழுக்க அதைக் கட்டிக்கொண்டு சபையில் உட்காரலாம். அதை மறுபடி நடத்த உத்தரவு தர வேண்டும்."

"இவ்வளவுதானா? எடுத்துக்கொள்ளும்."

மறுநாள் மந்திரி தலையில் பட்டுத்துணி பளபளக்க வந்து உட்கார்ந்தார். தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. இறங்காததும் நல்லதாயிற்று. அடுத்த விடியலில் அவரே முந்திக்கொண்டு சுற்றி, பரிவட்டத்தோடு வந்தார். எல்லோரும் அவரைப் பார்த்து எழுந்தார்கள். ராஜா அதைப் பார்த்தார்.

"என் சபையில் என்னைவிட உயரமான தலையா?"

"விதி அப்படி மகாராஜா. நடந்தவருக்குத்தான்," என்றார் மந்திரி பணிவாக.

மறுநாள் ராஜா நடந்தார். ராஜாவை முந்த யாருக்குத் துணிச்சல் வரும்? நின்று நின்று, மதிலைப் பிடித்துப் பிடித்து, உச்சிவேளைக்கு வந்து சேர்ந்தார். பரிவட்டம் கட்டிய கையோடு தூங்கிவிட்டார். அதற்கடுத்த நாள் கால்வலி என்று படுத்திருந்தார். சபைக்கு வந்தால் பரிவட்டம் தளவாய் தலையில்! அதன்பிறகு ராஜா படுக்கவில்லை.

தளவாயும் விடவில்லை. ராஜா எப்போது உட்காருவார் என்று பார்த்தபடி தினமும் பின்னாலேயே நடந்தார். சாயங்காலங்களில் நெய் சொட்டச் சொட்ட அல்வா அனுப்பினார். ராஜா தட்டை முகர்ந்தார். "தளவாய் தின்றாரா?"

"அவர் கூழ் குடித்தார் மகாராஜா," என்றான் கொண்டுவந்த வேலைக்காரன்.

"ஓகோ! நான் இதைத் தின்பேன், பரிவட்டம் அவருக்கா? எடுத்துப் போ. எனக்கும் கூழ் கொண்டு வா. அவர் சட்டியைவிடப் பெரிய சட்டியில் வேண்டாம்."

மழையிலும் நடந்தார்கள், பனியிலும் நடந்தார்கள். உச்சிவேளை வரை இழுத்த நடை வெயில் ஏறுமுன் முடியத் தொடங்கியது. சித்திரை வந்தது.

பாதி மலையில் அந்த மண்டபம் வந்ததும் தளவாய் தேனாகப் பேசினார். "மகாராஜா, சற்று உட்காருங்களேன். நிழல் எப்படி இருக்கிறது பாருங்கள்!"

"நீர் உட்காரும். நான் உட்கார்ந்தால் நீர் முந்திவிடுவீர்."

ராஜா உச்சிக்குப் போய்க் கொடியை ஏற்றினார். மேளம் முழங்கியது. மோதிரம் கைநழுவிப் போன தளவாய் வெடித்தார்.

"எல்லாம் மோசடி! அப்படி ஒரு மரியாதையே கிடையாது. கீழைவாசல் பூசாரியை நானே விசாரித்தேன். அம்மன் பரிவட்டம் என்பது மந்திரி வீட்டுப் பழைய பட்டு வேட்டியின் துண்டு! ஒரு கந்தலுக்காக உங்களை வருடம் முழுக்க நடக்க வைத்திருக்கிறார்!"

ராஜா திரும்பினார். "உண்மையா?"

"உண்மைதான் மகாராஜா," என்றார் மந்திரி. "நடந்தால் உயிர் நிலைக்கும் என்று வைத்தியர் சொன்னார், நீங்கள் நடக்கவில்லை. நடக்காவிட்டால் பரிவட்டம் தளவாய்க்குப் போய்விடும் என்று ஆனதும் ஒரு நாளும் நிற்கவில்லை. பத்தியத்தை முறிக்கலாம், போட்டியை முறிக்க மனம் வருமா?"

ராஜா சிரிக்கத் தொடங்கினார். பாதியில் கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். மூச்சு வாங்கவில்லை. இன்னும் கொஞ்சம் சிரித்துப் பார்த்தார். அப்போதும் வாங்கவில்லை. கீழே நாடு முழுவதும் தெரிந்தது. அவர் அதை முதல்முறையாக நின்று நிதானமாகப் பார்த்தார்.

"தளவாயாரே, இது கந்தல் என்று உமக்கு எப்போது தெரியும்?"

"ஆடி மாதமே மகாராஜா."

"பிறகும் ஏன் தினமும் என் பின்னால் நடந்தீர்?"

தளவாய் மலையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "ஒருவேளை… நிஜமாக இருந்துவிட்டால்?"

மேளக்காரர்களே வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். ராஜா தம் தலையில் இருந்த கந்தலை அவிழ்த்து மந்திரியின் தலையில் கட்டினார். "மோதிரம் உம்மிடமே இருக்கட்டும் மந்திரியாரே. பரிவட்டம் இனி வேண்டாம். நாளை விடியலில் நான் சும்மாவே நடக்கிறேன்."

"அப்படியானால் நானும்," என்றார் தளவாய் அவசரமாக.

அந்த வைகாசியில் அரண்மனைத் தையற்காரர் ராஜாவின் அங்கிகளை எல்லாம் பிடித்துத் தைத்தார். வெட்டி எடுத்த துணியில் யானைக்குட்டிக்கு ஒரு முகபடாம் வந்தது.