தன் வீட்டில் வழி தவறிய ராஜா

பொன்னாவரம் என்றொரு ஊர். அந்த ஊர் ராஜா கோதண்டராயருக்கு எதிரியை அடக்கத் தெரியும், பசியை அடக்கத் தெரியாது.

புது அரண்மனை கட்டிக் குடிவந்த புதிது. உள்ளேயே எங்கே போனாலும் ராஜாவுக்குப் பல்லக்குதான். ஒரு நாள் மத்தியானம் பல்லக்குத் தூக்கிகள் சாப்பிடப் போன நேரம் பார்த்து ராஜாவுக்குப் பசி எடுத்துவிட்டது. சாப்பாட்டுக் கூடம் எங்கே போய்விடப் போகிறது என்று தானே நடந்து கிளம்பினார். ஒரு தாழ்வாரம், ஒரு திருப்பம், இன்னொரு தாழ்வாரம். போய்ச் சேர்ந்த இடம் துணி காயப்போடும் முற்றம். தொங்கிய ஈரச் சேலைகளுக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு இரண்டு கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

"யாருடா அது, துவைச்ச துணியை மிதிக்கிறது? கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்றாள்.

சபைக்கு வந்தபோது ராஜா முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. அரண்மனை கட்டிய கொத்தனார் மாசிலானைக் கூப்பிட்டார்.

"என் வீட்டுக்குள்ளயே என்னைத் தொலைய வச்சுட்ட. பொழுது சாயறதுக்குள்ள குடும்பத்தோட ஊரை விட்டுப் போயிடு."

"தூணெல்லாம் ஒரே மாதிரி கட்டி வச்சிருக்கான், மகாராஜா. தேவர்களே வந்தாலும் தொலைஞ்சுதான் போவாங்க" என்று எண்ணெய் ஊற்றினார் பல்லக்கு அதிகாரி சேந்தன்.

மாசிலானின் மனைவி கைக்குழந்தையோடு வாசலில் நின்றாள். குழந்தை ஒன்றும் புரியாமல் சேந்தனைப் பார்த்துச் சிரித்தது.

அதைப் பார்த்ததும் ஐயாறனுக்குப் பொறுக்கவில்லை. ராஜாவைச் சிரிக்கவைப்பதுதான் ஐயாறன் உத்தியோகம். அன்றைக்கு அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

"மகாராஜா, குத்தம் கட்டடத்து மேல இல்லை. பல்லக்கு மேல" என்றான்.

சேந்தனுக்குச் சுருக்கென்றது. ராஜா கேட்டார், "நான் என்ன கண்ணை மூடிட்டா பல்லக்குல போறேன்? திரையை விலக்கி எல்லாத்தையும் பார்த்துட்டுத்தானே போறேன்?"

"கண்ணு மட்டும் பார்த்தா ஆகாது, மகாராஜா. எவ்வளவு வந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம்னு காலும் கூடவே சேதி சொல்லணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் மண்டைக்குள்ள வழி பதியும். சந்தைக்குப் போய்ட்டு வர்ற வண்டிக்காரன் தூங்கிடறான். மாடு சரியா வீட்டு வாசல்ல கொண்டுவந்து நிறுத்துது. ஏன்? நடந்தது மாடுதானே."

அதோடு விடவில்லை. ராணியின் வெள்ளைப் பூனைக்குட்டியை வாங்கிவந்தான். மடியையும் கூடையையும் தவிர அதற்கு வேறு உலகம் கிடையாது. மடைப்பள்ளியில் வளர்ந்த அதன் கூடப்பிறந்த வரிக்குட்டியையும் கொண்டுவந்தான். இரண்டையும் பால் கிண்ணம் இருந்த இடம்வரை கூட்டிப்போய்க் காட்டினான். வெள்ளை கூடையில் போயிற்று, வரி நடந்து போயிற்று. திரும்பிவந்து சபை நடுவில் விட்டான். வரிக்குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு நேரே பாலுக்கு ஓடியது. வெள்ளைக்குட்டி ஒரு தூணைச் சுற்றிச் சுற்றி வந்து, சேந்தன் காலடியில் உட்கார்ந்து அழுதது.

"மகாராஜாவைப் பூனைக்குட்டியோட சேர்த்துட்டான்" என்றார் சேந்தன்.

ராஜா மீசை துடித்தது. "சரி ஐயாறா. பொழுது சாயறதுக்குள்ள நான் என் படுக்கையறையிலிருந்து இந்தச் சபைக்கு நானா வந்து சேரணும். யாரும் கூட வரக்கூடாது, வழி சொல்லக்கூடாது, சுவத்துல ஒரு கோடு போடக்கூடாது. வந்துட்டேன்னா மாசிலான் இருக்கட்டும். வரலைன்னா அவனோட சேர்ந்து நீயும் மூட்டையைக் கட்டு."

சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறிப் படுக்கையறைக்குப் போனார். தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டுச் சாய்ந்தார். ராஜா தலையில் ஒரு முடி கூடக் கிடையாது. ராணிக்கும் ஐயாறனுக்கும் மட்டும் தெரிந்த ராஜ்ய ரகசியம் அது.

ஐயாறன் உள்ளே வந்தான், கும்பிட்டான், பாகையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

"டேய், அதை எங்கடா எடுத்துட்டுப் போற?"

ஐயாறன் தாழ்வாரத்தில் ஓட்டம் பிடித்தான். ராஜா காவலர்களைக் கூப்பிட வாயைத் திறந்தார். தலையைத் தடவிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு துரத்தினார்.

மடைப்பள்ளி, துணி முற்றம், குதிரை லாயம், நந்தவனம், மறுபடியும் மடைப்பள்ளி. ராஜா நெருங்கினால் ஐயாறன் ஓடினான். ராஜாவுக்கு மூச்சு வாங்கினால் மூலையில் நின்று பாகையை ஆட்டிக் காட்டினான். காவலர்கள் ஒன்றையும் பார்க்காதவர்கள்போல் கூரையைப் பார்த்தார்கள்.

இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடி, லாயத்தைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் ராஜாவைக் காணோம்.

ஐயாறன் நின்றான். காத்திருந்தான். வெயில் மஞ்சளாகிவிட்டது. இந்த மனுஷன் மறுபடியும் எங்கேயோ தொலைந்துவிட்டாரே! மாசிலானுக்கு என்ன பதில் சொல்வது? அந்தப் பச்சைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எந்த ஊருக்குப் போவார்கள்? சபை வாசலை நோக்கித் தளர்ந்து நடந்தான்.

வாசலில் ஒரு கை அவன் கழுத்தைப் பிடித்தது.

"மாட்டினியா?" என்றார் ராஜா. மூச்சு இரைத்தது, முகமெல்லாம் சிரிப்பு. "நீ லாயத்தைச் சுத்தித்தான் வருவேன்னு தெரியும். நான் துணி முற்றத்துக்குள்ள புகுந்து குறுக்கே வந்துட்டேன்."

ஐயாறன் பாகையை இரண்டு கையாலும் நீட்டினான். "குறுக்கு வழியை யார் சொன்னாங்க, மகாராஜா?"

ராஜா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பொழுது இன்னும் மதில்மேல் உட்கார்ந்திருந்தது.

"செல்லாது, மகாராஜா. இவன் கூட வந்திருக்கான்" என்றார் சேந்தன்.

"கூட வரலைங்க. முன்னாடி ஓடினேன். கடைசியில மகாராஜாவுக்குப் பின்னாடிதான் வந்து சேர்ந்தேன்."

ராஜா சிரித்த சிரிப்பில் சால்வை நழுவப் பார்த்தது. சட்டென்று பாகையை வைத்துக்கொண்டார். மாசிலானைக் கூப்பிட்டு, மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். மறுநாள் சபையில் பாதிப்பேர் அதுதான் புது வழக்கம்போல என்று தலையில் சால்வை போட்டுக்கொண்டு வந்தது தனிக் கதை.

"ஐயாறா, இனி எனக்குப் பல்லக்கு வேண்டாம். பரிசா நீ எடுத்துக்கோ" என்றார் ராஜா.

ஐயாறன் இரண்டடி பின்வாங்கினான். "வேண்டாம், மகாராஜா. அதுல போனா என் வீட்டுக்கு எனக்கே வழி மறந்துடும். நீங்களாவது பூனைக்குட்டியைக் காட்டிக் காரணம் சொல்றவரைக்கும் பொறுத்தீங்க. வழி தவறி ராத்திரி வந்தேன்னு சொன்னா என் வீட்டுக்காரி கதவையே திறக்கமாட்டா."