பானைக் கழுத்தில் ஓடும் கயிறு

மாடும் மனுசரும் ஒரே பேச்சுப் பேசிய அந்தக் காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் நாச்சி என்றொரு பெண் தன் கணவன் பூலானோடு வாழ்ந்தாள். அப்போது மண்பானை கிடையாது. முற்றிய சுரைக்காயைக் காயவைத்துக் குடைந்து, கழுத்தில் நார்க்கயிறு சுற்றிக் கட்டினால் அதுதான் குடுவை. பாலும் தண்ணீரும் அதில்தான்.

ஒரு கோடையில் காடு பற்றி எரிந்தது. சுரைக்கொடிகள் கருகின. குடிசையும் குடுவைகளும் சாம்பலாயின. மாட்டுக் கூட்டத்தில் மயிலை என்ற பசுவும் அதன் கன்றும் மட்டும் ஆற்று மடுவில் நின்று பிழைத்தன. அந்த அதிர்ச்சியில் நாச்சிக்குப் பால் வற்றிவிட்டது. மடியில் மூன்று மாதப் பெண் குழந்தை.

மயிலை இரங்கிப் பால் விட்டது. நாச்சி உள்ளங்கையில் பீச்சினாள். விரலிடுக்கில் எல்லாம் ஒழுகிப்போனது; குழந்தைக்கு நாக்கு நனைந்ததோடு சரி. நான்காம் நாள் அதன் அழுகை பூனைக்குட்டியின் முனகல்போல் ஆகிவிட்டது.

எரிந்த குடிசையில் அடுப்புமண் கல்லாய் இறுகிக் கிடப்பதைப் பூலான் பார்த்தான். ஈரமண்ணைச் சுரைக்காய்போல் வனைந்து, உலர்த்தி, நெருப்பில் சுட்டான். நாச்சி அதை எடுத்துக்கொண்டு ஓடினாள். மயிலை மோந்து பார்த்தது, ஒரே உதை. பாத்திரம் நொறுங்கியது.

"கிட்ட கொண்டு வராதே! நெருப்பு மணக்குது. என் கூட்டத்தைத் தின்ன நெருப்பு!"

"வெறும் மண்ணு, தாயே. பிள்ளை சாகுது."

"தெரியுது நாச்சி. ஆனா பயத்துல காம்பு அடைச்சுக்குதே, நான் என்ன செய்ய? பழைய குடுவைன்னா அந்தக் கயித்தை நக்கிக்கிட்டே நிப்பேன்."

பூலான் மறுபடியும் வனைந்தான். இந்தமுறை ஈரம் காயும் முன்பே கழுத்தில் விரிசல் ஓடியது. நாச்சி மயிலையின் கழுத்துக் கயிற்றை அவிழ்த்து வந்து, பானையின் கழுத்தில் இறுக்கிச் சுற்றினாள்.

"மிஞ்சினது இந்த ஒரு கயிறுதான். எரிஞ்சு போயிடும். சுட்டப்புறம் கட்டேன்" என்றான் பூலான்.

"கட்டாமச் சுட்டா வெடிச்சிடும். இன்னொரு பானை ஆகிறவரைக்கும் இவ தாங்க மாட்டா."

நெருப்பு எரிந்தது. குழந்தை இப்போது அழவே இல்லை. நாச்சி நொடிக்கொரு தரம் அதன் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பானை முழுசாக வந்தது. கயிறுதான் சாம்பலாகி உதிர்ந்தது. ஆனாலும் சூடு ஆறியதும் நாச்சி பானையைத் தூக்கிப்போய் மயிலையின் முன் நீட்டினாள்.

மயிலை நடுங்கிப் பின்வாங்கியது. கால் உயர்ந்தது. பிறகு, மெல்லக் கழுத்தை நீட்டிப் பானையின் கழுத்தை நக்கியது. முறுக்கு முறுக்காக மண்ணில் பதிந்திருந்த தடம் நாக்கில் தட்டுப்பட்டது. சுற்றிச் சுற்றி நக்கியது.

"இருக்கே" என்றது. "கயிறு இருக்கே."

கால் தரைக்கு வந்தது. பால் இறங்கியது.

முதல் வாய் குழந்தையின் கடைவாயில் வழிந்தது. இரண்டாவதும் வழிந்தது. மூன்றாவதில் தொண்டை அசைந்தது.

கட்டிவைக்கக் கயிறே தேவைப்படாத பானையின் கழுத்தில், அன்று தொடங்கித்தான் முறுக்குக் கயிறுபோல ஒரு வரி ஓடுகிறது. பின்னால் பித்தளைச் செம்பு வந்தது. அதன் கழுத்திலும் அது ஓடுகிறது.