குறி தப்பாத வில்

மருதங்குடி ஜமீன்தார் ஒரு வியாபாரியிடம் ஐந்நூறு ரூபாய் கொடுத்துப் புதுமாதிரி வில் ஒன்று வாங்கினார். அதில் பித்தளைச் சக்கரம் இருந்தது. குறிபார்க்கக் கண்ணாடியும் இருந்தது. "யார் கை பிடித்தாலும் குறி தப்பாது" என்று வியாபாரி சத்தியம் செய்திருந்தான்.

ஒரு வாரம் காட்டில் அலைந்தும் ஒரு முயல்கூட விழவில்லை. தன் மூங்கில் வில்லோடு கூடப்போன தடம்பார்க்கும் சடையன்மேல் ஜமீன்தாருக்குக் கோபம் வந்தது.

"குற்றம் வில் மேலா, என் மேலா? நாளைக் காலையில் சபையில் சொல். சொல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை."

எதைச் சொன்னாலும் வம்பு என்று சடையனுக்குத் தெரியும். மறுநாள் ஒரு பூசணிக்காயோடு சபைக்கு வந்து, அங்கே வரவழைக்கப்பட்டிருந்த வியாபாரியிடம் அதை நீட்டினான்.

"ஐயா, இதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு அந்த மரத்தடியில் நில்லுங்கள். நம் சமையல்காரர் அனந்து எய்வார். அவர் இதுவரை வில்லைத் தொட்டதே இல்லை."

அனந்து கையைத் துடைத்துக்கொண்டு வில்லை எடுத்தார். வியாபாரிக்கு முகம் வெளுத்தது.

"ஐயையோ, வேண்டாம்! பழகாத கையில் எந்த வில்லும் குறி தப்பும். ஐந்து வருஷமாவது பழக வேண்டாமா?"

சடையன் ஜமீன்தாரைப் பார்த்துக் கும்பிட்டான். "எஜமான் கேட்டதற்கு இவரே பதில் சொல்லிவிட்டார்."

ஜமீன்தார் வியாபாரியின் பக்கம் திரும்பினார்.

"ஐந்து வருஷம் பழகினால் சடையனுடைய மூங்கில் வில்லே போதுமே! ஐந்நூறு ரூபாயை வைத்துவிட்டு உன் வில்லை எடுத்துக்கொண்டு போ" என்றார்.